படுக்கை நனைக்கிற பையனும், அதே மாதிரி இருந்த அம்மாவும்

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசனை. கடைசில பையன்கிட்டயே கேட்டேன், "என் பேரு போடாம எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டான், அதனால எழுதறேன். விஷயம் ராத்திரி தூக்கத்துல படுக்கை நனைக்கிறது. ஏழு வயசு தாண்டியும், வாரத்துல முக்கால்வாசி நாள். பிள்ளைக்கு பல்லு விழுந்தா ஊரெல்லாம் சொல்லுவோம், காய்ச்சல் வந்தா ஆபீஸ்ல லீவ் சொல்லுவோம், இதை மட்டும் எவ்வளவு நெருக்கமானவங்ககிட்டயும் யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. என் கேஸ்ல அது இன்னும் ஒரு படி மேல. ஏன்னா சின்ன வயசுல எனக்கே இது இருந்துச்சு, பதினோரு வயசு வரைக்கும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல வீட்டுக்காரர்கிட்ட கூட நான் சொன்னதில்ல. அதனால பையனுக்கு இது நிக்கல்லன்னு புரிய ஆரம்பிச்சப்போ நான் பட்ட பாடு, பாதி அவனுக்காக, பாதி எனக்காக. அப்போ யாராச்சும் ஒரு ஆள் உக்காத்தி வச்சு நாலு விஷயம் சொல்லியிருந்தா ஒன்றரை வருஷத்துக்கு மேல மிச்சம் ஆகியிருக்கும், பணமும் மிச்சம் ஆகியிருக்கும்.

அஞ்சு வயசு வரைக்கும் இதை ஒரு பிரச்சனையாவே டாக்டருங்க எடுத்துக்கறதில்ல, அது எனக்கும் தெரியும், அதனால அதுவரை கவலைப்படல. அஞ்சு முடிஞ்சு ஆறு முடிஞ்சு ஏழும் ஆச்சு. ஒரு நாள் விடியக்காலை அவன் ரூமுக்கு போனா, குளிக்கிற டவலை ரெண்டா மடிச்சு ஈரத்து மேல போட்டுட்டு, சுவரை ஒட்டி ஒரு முழம் அகலம் காய்ஞ்ச இடம் இருக்குல்ல, அதுல முட்டி மடக்கி படுத்திருக்கான். எனக்கு கைகால் அப்படியே நின்னு போச்சு. நான் பண்ணினது அதேதான். டவல் ரெண்டா மடிக்கணும், ஒத்தையா போட்டா ஊறி மேல வந்துடும், மூணா மடிச்சா அகலம் பத்தாது. இந்த கணக்கெல்லாம் எனக்கு தெரியும், அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா முழிச்சிருக்கிற ஒரு குழந்தை தானா கண்டுபிடிக்கிறது அது. முப்பது வருஷம் கழிச்சு என் வீட்டுக்குள்ளயே அதை பார்த்ததுல எனக்கு வந்தது பாசம் இல்ல, உண்மைய சொல்றேன், பயம். அப்புறம் கோவம். அவன் மேல இல்ல, யார் மேலன்னு தெரியாத ஒரு கோவம்.

என்னை எங்க வீட்டுல அடிக்கல. ஆனா காலையில அம்மா ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க, அது போதும். வீட்டுக்கு யாராச்சும் வந்து தங்கினா எனக்கு மட்டும் தனி இடம், ஏன்னு கேட்டா பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப்பாங்க. அத்தை ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் "இன்னும் நிக்கலையா இவளுக்கு"ன்னு கேட்டது இன்னிக்கும் அதே குரல்ல காதுல கேக்குது. இதெல்லாம் நான் மறந்துட்டேன்னு நினைச்சிருந்தேன். பிள்ளை ஷீட்டை உருவும்போது என் வாயிலேர்ந்து அதே பெருமூச்சு வந்தப்போதான் எதுவும் எங்கயும் போகலைன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஷீட் மாத்தறப்போ வேணும்னே ஏதாச்சும் பேசிட்டே மாத்துவேன், ஸ்கூல் கதை, டிவில பார்த்தது, எது வேணாலும். வாய் பேசிட்டு இருந்தா பெருமூச்சு வராது. சின்ன தந்திரம்தான், ஆனா நிஜமா வேலை செஞ்சுது.

முதல்ல ஆரம்பிச்சது சொந்தக்காரங்க வைத்தியம். சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடுக்காதே, ராத்திரி ரெண்டு தடவை எழுப்பி கூட்டிட்டு போ. ரெண்டையும் மாசக்கணக்குல பண்ணேன். தண்ணிய நிறுத்தினதுல பையன் தாகத்தோட படுத்தான், படுக்கையும் நனைஞ்சுது, ரெண்டும் சேர்ந்துச்சு. பின்னாடி தெரிஞ்சது என்னன்னா நாள் பூரா நல்லா தண்ணி குடிக்கணும், காலையிலயும் ஸ்கூல்லயும் முக்கால்வாசி குடிச்சுட்டா சாயங்காலம் தானா குறையும். எங்க பையன் ஸ்கூலுக்கு எடுத்துட்டு போற பாட்டில் அப்படியே திரும்பி வரும், வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சுல குடிப்பான், நாங்க அதையும் பிடுங்கினா என்ன ஆகும். எழுப்பற விஷயம் அதைவிட மோசம். அரைத்தூக்கத்துல தூக்கிட்டு போய் நிக்க வச்சா அவனுக்கு காலையில ஞாபகமே இருக்காது. அன்னிக்கு ஒரு ஷீட் மிச்சம் ஆகும், அவ்வளவுதான், பிள்ளை தானா முழிக்க கத்துக்கறதுக்கு அது உதவாது. நான் தூக்கம் இல்லாம ஆபீஸ் போய் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்ததுதான் கண்ட பலன்.

அடுத்து பணம் போன கதை. ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருக்கும்போது ஒரு விளம்பரம், முப்பது நாள்ல முழு குணம், ஏதோ ஒரு பொடி, கூட ஆன்லைன் கவுன்சலிங். சும்மா விசாரிக்கலாம்னு நம்பர் குடுத்தேன், அடுத்த நாள்லேர்ந்து போன் மேல போன். முதல் பேக்கேஜ் முடிஞ்சதும் "உங்க பையனுக்கு கொஞ்சம் ஆழமா இருக்கு மேடம்"னு அடுத்த பேக்கேஜ். என் மாச சம்பளத்துல பாதிக்கு மேல போச்சு. இப்போ யோசிச்சா ஒண்ணு புரியுது, அவங்க ஒரு தடவை கூட பையன் டாய்லெட் எப்படி போறான், பகல்ல எத்தனை தடவை போறான், குறட்டை விடுறானா, குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேக்கவே இல்ல. கேள்வியே கேக்காம மருந்து விக்கிறவங்ககிட்ட காசு குடுக்காதீங்க, எந்த நோயா இருந்தாலும். இன்னொண்ணு, நாள் கணக்கு சொல்லி கேரண்டி குடுக்கற எதுவும் இந்த விஷயத்துல பொய்தான். அந்த பணம் திரும்ப வரல, கேட்டதுக்கு பொறுமையா இருங்கன்னாங்க. வெளிய சொல்லி சண்டை போட முடியாத விஷயம்னு அவங்களுக்கும் நல்லாவே தெரியும்.

டாக்டர்கிட்டயும் போனோம். முதல் டாக்டர் தலைய கூட தூக்காம "வளர்ந்தா சரியாகிடும்"னு அனுப்பிட்டாங்க. அது பொய்யில்ல. அஞ்சு வயசுல நூத்துக்கு பதினஞ்சு பிள்ளைங்க நனைக்கிறாங்க, பத்து வயசுல அது அஞ்சு ஆயிடுது, வருஷத்துக்கு இந்த பிள்ளைங்கள்ல ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு ஒண்ணும் பண்ணாமலே நின்னுடுது. ஆனா அந்த கணக்கை திருப்பி பாருங்க, மீதி 85 பேர் அடுத்த வருஷமும் அதே ஈரத்துலதான் எழுந்திரிக்கிறாங்க. வளர்ந்தா சரியாகும்னு சொல்றவங்க யாரும் அந்த வளர்ற வருஷங்கள்ல அந்த குழந்தை மனசு என்ன ஆகும்னு சொல்றதில்ல. நான் அதுக்குள்ள இருந்தவ, எனக்கு தெரியும்.

ரெண்டாவது டாக்டர் வேற மாதிரி. நிதானமா நிறைய கேள்வி கேட்டாங்க. அதுல ஒண்ணு, "உங்க ரெண்டு பேர்ல யாருக்காச்சும் சின்ன வயசுல இருந்துச்சா? எந்த வயசுல நின்னுச்சு?" வீட்டுக்காரர் உடனே "எனக்கு இல்ல, இவளுக்கும் இருக்காது"ன்னுட்டார். பையன் வெளிய உக்காந்திருந்தான். எனக்கு தொண்டை அடைச்சுது. "எனக்கு இருந்துச்சு, பதினொண்ணு வரைக்கும்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வேர்த்துடுச்சு. டாக்டர் சாதாரணமா எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. வீட்டுக்காரர் என்னை திரும்பி பார்த்தார், ஒண்ணும் சொல்லல, கார்ல வரும்போது "முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவனை அன்னிக்கு அப்படி சத்தம் போட்டிருக்க மாட்டேன்ல"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

டாக்டர் சொன்ன கணக்கு இது. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இல்லாம இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு 15 சதவீதம் மாதிரி, ஒருத்தருக்கு இருந்திருந்தா 44, ரெண்டு பேருக்கும் இருந்திருந்தா 77. டென்மார்க்ல இது இருக்கிற குடும்பங்களை ஆராய்ச்சி பண்ணி 1995-லயே 13-வது குரோமோசோமோட இதுக்கு சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. சோம்பேறித்தனம் இல்ல, திமிர் இல்ல, வளர்ப்பு சரியில்லாததும் இல்ல. ராத்திரில சிறுநீர் உற்பத்திய குறைக்கச் சொல்ற ஒரு ஹார்மோன் இருக்கு, வாசோப்ரெசின், சில பிள்ளைங்களுக்கு அது ராத்திரில போதுமான அளவு கூடறதில்ல. சிலருக்கு மூத்திரப்பை கொஞ்சமாத்தான் தாங்கும். பெரும்பாலும் இதோட கூட, பை நிரம்பினாலும் மூளை முழிச்சுக்கறதில்ல. இதை கேட்டுட்டு நான் ஹாஸ்பிடல் பாத்ரூம்ல போய் அழுதேன். பையனுக்காக இல்ல. எட்டு வயசுல தினமும் சாமி கும்பிட்டு படுத்த ஒரு பொண்ணுக்காக.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். "எனக்கும் இருந்துச்சு, அதனாலதான் இவனுக்கும்"னு நான் அதோட திருப்தியாயிட்டேன். டாக்டர் ஆகல. பரம்பரைன்னு தெரிஞ்சதும் மத்த காரணத்தை தேடறதை நிறுத்திடக்கூடாதுன்னு சொல்லி வயித்தை அமுக்கி பார்த்தாங்க, யூரின் டெஸ்ட் எழுதினாங்க, சர்க்கரையும் கிருமியும் இருக்கான்னு பாக்க. அது ரெண்டும் இல்ல. ஆனா மலச்சிக்கல் இருந்துச்சு. நான் அடிச்சு சொன்னேன், தினமும் போறான் டாக்டர்னு. தினமும் போறதும் முழுசா போறதும் வேற வேறயாம். உள்ள பழசு தேங்கி பெருங்குடலோட கடைசி பாகம் வீங்கி இருந்தா, அது நேரா முன்னாடி இருக்கிற மூத்திரப்பைய அழுத்தும், பை சின்னதாயிடும், நேரம் கெட்ட நேரத்துல சுருங்கும். கனடால ஓ'ரீகன்னு ஒரு சிறுநீரக டாக்டர் 1986-லயே இதை எழுதியிருக்கார், மலச்சிக்கலை சரி பண்ணதும் பிள்ளைங்களுக்கு ஈரம் நின்னதுன்னு. எனக்கு சின்ன வயசுல இந்த பிரச்சனை இருந்ததா ஞாபகம் இல்ல. என் கதையவே அவன் கதைன்னு நினைச்சு விட்டிருந்தா இது மாட்டியே இருக்காது.

சரி பண்றது ஒரே நாள்ல நடக்கல. டாக்டர் சொன்ன மலம் இளக்கற மருந்து சில மாசம், நார்ச்சத்து, தண்ணி, சாப்பிட்டு முடிச்சதும் அவசரப்படாம டாய்லெட்ல உக்கார்றது, கால் தொங்காம இருக்க கீழ ஒரு முக்காலி. பிரிஸ்டல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, மலம் எப்படி இருக்குன்னு ஏழு வகையா படம் போட்டது, அதை பாத்ரூம் கதவுல ஒட்டினோம். பையனுக்கு அது பெரிய காமெடி, தினமும் உள்ள இருந்து "இன்னிக்கு நம்பர் நாலு!"ன்னு கத்துவான். வீட்டுக்கு யாராச்சும் வந்திருந்தாலும் கத்துவான். கூடவே ஒரு நோட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடிச்சான், எத்தனை தடவை போனான், எவ்வளவு போனான்னு அளவு ஜாடியில பிடிச்சு எழுதணும். வயசோட ஒண்ணு கூட்டி முப்பதால பெருக்கினா அந்த வயசுப் பிள்ளையோட பை தாங்கற அளவு மில்லிலிட்டர்ல வரும், அப்படி பார்த்தா ஏழு வயசுக்கு 240. எங்க பையனுக்கு நல்ல நாள்லயே அதுல பாதியத் தாண்டினா பெரிசு. அந்த நோட்டை பார்த்த அஞ்சு நிமிஷத்துல டாக்டருக்கு புரிஞ்சது, நான் அரை மணி நேரம் பேசினாலும் புரிஞ்சிருக்காது. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு நாள் இதை எழுதி எடுத்துட்டு போயிடுங்க, ஒரு விசிட் மிச்சம்.

இப்போ பையன்கிட்ட சொன்ன கதை. எனக்கும் இருந்துச்சுன்னு சொன்னா அவன் கட்டிப் பிடிச்சுப்பான், பாரம் இறங்கும்னு நான் மனசுல ஒரு சினிமாவே ஓட்டி வச்சிருந்தேன். ஒரு ராத்திரி பக்கத்துல படுத்து சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கேட்டான், "எப்போ நின்னுச்சு?" பதினொண்ணுன்னேன். விரல் விட்டு எண்ணினான். "அப்போ எனக்கு இன்னும் நாலு வருஷமா?" முகம் சுருங்கிடுச்சு. ஆறுதல்னு நினைச்சு நான் ஜெயில் தண்டனை மாதிரி ஒண்ணை படிச்சு காட்டியிருக்கேன். உடனே சொன்னேன், எனக்கு யாரும் எந்த வைத்தியமும் பாக்கலடா, உனக்கு இப்பவே பாக்கறோம், அதனால என் வயசு உனக்கு கணக்கே இல்லன்னு. அதுக்கு அப்புறம்தான் அடுத்த கேள்வி, "உன்ன யாராச்சும் திட்டினாங்களாம்மா?" ஆமான்னேன். "பாட்டியா?" அதுக்கு நான் மழுப்பிட்டேன், அவன் பாட்டி மேல உயிரா இருக்கான், அதை கெடுக்கறது நியாயம் இல்ல. பிள்ளைகிட்ட சொல்லணும்னு நினைக்கிறவங்க கண்டிப்பா சொல்லுங்க, ஆனா வயசை முதல்ல சொல்லாதீங்க, "இருந்துச்சு, நின்னுடுச்சு"ன்னு சொல்லுங்க போதும். நம்ம அனுபவிச்ச அவமானத்தை பூரா அவங்க மடியில கொட்டவும் வேண்டாம். அதை கேக்க வேற பெரியவங்க இருக்காங்க.

நான் கொட்டினது எங்க அம்மாகிட்ட. போன்ல கேட்டே விட்டேன், ஏம்மா என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட கூட்டிட்டு போகலன்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எனக்கு யாருடி சொன்னா? உங்க மாமாவுக்கும் இருந்துச்சு, எங்கப்பா அவனை விட்டு விளாசுவார். உன்னை நான் ஒரு நாள் கை வச்சிருக்கேனா?"ன்னாங்க. அதாவது அம்மா அவங்க கணக்குல எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்காங்க. அடி நின்னு பெருமூச்சு ஆச்சு. எனக்கு அன்னிக்கு கோவம் முழுசா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா மாமா விஷயம் டாக்டருக்கு உபயோகமான தகவல், அடுத்த விசிட்ல சொன்னேன். குடும்பத்துல இந்த மாதிரி விஷயத்தை மறைக்கறதால என்ன நஷ்டம்னா, ஒவ்வொரு தலைமுறையும் நாமதான் முதல் ஆள்னு நினைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்குது.

மலச்சிக்கல் சரியானதும் வாரத்துல காய்ஞ்ச நாள் கூடுச்சு, ஆனா நிக்கல. அப்புறம்தான் அலாரம். ஜட்டில ஒரு சின்ன சென்சார், ஈரம் பட்டதும் கத்தும், இல்லன்னா அதிரும். புதுசு ஒண்ணும் இல்ல, ஐரோப்பால ஒரு டாக்டர் 1904-ல நர்சுக்கு தெரியறதுக்காக மணி வச்சாராம், பார்த்தா பிள்ளைங்களுக்கு பழக்கமே மாறிடுச்சாம், 1938-ல மவ்ரர்னு ஒரு அமெரிக்க தம்பதி இதை முறையா சிகிச்சையா எழுதினாங்க. இத்தனை பழைய விஷயம் எங்க அம்மா காதுக்கு எட்டலையேன்னு நினைச்சா வயிறு எரியும். யாரும் உங்ககிட்ட சொல்லாத உண்மை ஒண்ணு சொல்றேன். முதல் சில வாரம் அந்த அலாரத்துக்கு வீட்டுல பிள்ளைய தவிர எல்லாரும் முழிப்பாங்க. அவன் காதுக்கு பக்கத்துல அலறும், அவன் பாட்டுக்கு தூங்குவான், கீழ் வீட்டுக்காரங்க முழிச்சிருப்பாங்களோன்னு நான் நடுங்குவேன். இங்கதான் நிறைய பேர் "வேலை செய்யல"ன்னு தூக்கி போட்டுடறாங்க. அந்த கட்டத்துல நாமதான் ஓடிப் போய் அவனை முழுசா எழுப்பணும், கண்ணு தொறந்து பேசற அளவுக்கு. ஆனா அலாரத்தை அவன் கையாலதான் அணைக்கணும், அவன்தான் பாத்ரூம் போகணும், மாத்து துணிய அவன்தான் போடணும். தண்டனையா இல்ல, மூளை அந்த சத்தத்தையும் எழுந்திரிக்கறதையும் முடிச்சு போட கத்துக்கணும், அதுக்காக.

முன்னேற்றம் எப்படி தெரியும்னா முதல்ல ஈரம் சின்னதாகும், பெரிய வட்டம் போய் உள்ளங்கை அளவுக்கு வரும். அப்புறம் நேரம் தள்ளிப் போகும். அப்புறம் அலாரத்துக்கு தானா எழுந்திரிப்பான். நாலு வாரத்துல இதுல எதுவுமே தென்படலன்னா டாக்டர்கிட்ட திரும்ப போகணும், வந்தா தொடர்ந்து 14 ராத்திரி காய்ஞ்சு இருக்கற வரைக்கும் விடாம போடணும். மூணு மாசம் கூட ஆகலாம். மூணுல ரெண்டு பிள்ளைங்களுக்கு அலாரம் போட்டிருக்கும்போது பலன் கிடைக்குதாம், எல்லாருக்கும் இல்ல. பிள்ளைக்கு இஷ்டம் இல்லாம பண்ணவே பண்ணாதீங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கு, இல்ல உங்களுக்கே தூக்கம் போனா கோவம் கட்டுக்கு அடங்காதுன்னா கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கோவத்தோட எழுப்பற அலாரம் நல்லது பண்ணாது. ராத்திரி முறை வச்சுக்கோங்க, ஒரு நாள் நான் ஒரு நாள் வீட்டுக்காரர்னு ஆனதுக்கு அப்புறம்தான் எனக்கு உயிர் வந்துச்சு.

படுக்கை விரிக்கறதுல ஒரு வழி இருக்கு, இது மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எவ்வளவோ ராத்திரி மிச்சம். மெத்தை மேல தண்ணி இறங்காத விரிப்பு, அது மேல ஷீட், திரும்ப அது மேல இன்னொரு தண்ணி இறங்காத விரிப்பு, அது மேல இன்னொரு ஷீட். நடு ராத்திரி நனைஞ்சா மேல ரெண்டை உருவி எறிஞ்சா போதும், கீழ ரெடியா படுக்கை இருக்கு. லைட் கூட போட வேண்டாம். மாத்து துணி, டவல், ஈரத்துணி போட ஒரு மூடி வச்ச பக்கெட், எல்லாம் அவன் கைக்கு எட்டற இடத்துல. இனிமே டவலை மடிச்சு ஈரத்து மேல படுக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்ல. காய்ஞ்ச நாளுக்கு பரிசு, ஸ்டார் ஒட்டறது எல்லாம் நாங்க ஆரம்பத்துல பண்ணினோம், டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க, தூக்கத்துல நடக்கறது அவன் கைல இல்லாதப்போ ஸ்டார் கிடைக்காத நாள் அவனுக்கு தோல்விதானே. வேணும்னா அவன் கைல இருக்கிற விஷயத்துக்கு குடுங்க, படுக்க முன்னாடி பாத்ரூம் போனதுக்கு, தண்ணி பாட்டிலை ஸ்கூல்ல காலி பண்ணினதுக்கு.

ஸ்கூல்ல ராத்திரி தங்கற கேம்ப் வந்துச்சு. நான் பையன்கிட்ட கேக்காமலே மனசுக்குள்ள முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா நான் எந்த கேம்ப்புக்கும் போனதில்ல, ஒவ்வொரு தடவையும் வயித்து வலின்னு பொய் சொல்லி தப்பிச்சவ. அவன் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னான். டாக்டர்கிட்ட கேட்டப்போ டெஸ்மோப்ரெசின்னு மாத்திரை சொன்னாங்க, அந்த ஹார்மோன் பண்ற வேலைய ஒரு ராத்திரிக்கு பண்ணும். குணமாக்காது, அன்னிக்கு சமாளிக்க உதவும், அதுவும் எல்லாருக்கும் கேக்காது, அதனால கேம்ப்புக்கு நல்லா முன்னாடியே வீட்டுல போட்டு பாத்துடணும். இதுல ஒரு கண்டிப்பான விதி இருக்கு, மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியிலிருந்து, போட்டதுக்கு அப்புறம் எட்டு மணி நேரம் வரைக்கும் தண்ணி ரொம்ப குடிக்கக்கூடாது, குடிச்சா ரத்தத்துல உப்பு குறைஞ்சு ஃபிட்ஸ் வர வரைக்கும் போகலாம். வாந்தி பேதி காய்ச்சல் இருந்தா அன்னிக்கு போடவே கூடாது. டாக்டர் சொல்லாம பக்கத்து வீட்டு பிள்ளையோட மாத்திரைய வாங்கி போடறதெல்லாம் வேண்டவே வேண்டாம். டீச்சர் ஒருத்தர்கிட்ட மட்டும் விஷயத்தை சொன்னோம், யார்கிட்ட சொல்லலாம்னு பையனே தேர்ந்தெடுத்தான்.

கேம்ப் போயிட்டு வந்தவன் சாதாரணமா சொல்றான், பக்கத்துல படுத்த பையன் "என்ன மாத்திரை அது"ன்னு கேட்டானாம், இவன் உள்ளதை சொல்லிட்டானாம். எனக்கு நெஞ்சு அடைச்சு போச்சு. சிரிச்சானா, மத்தவங்ககிட்ட சொன்னானா, உன்னை என்ன சொன்னாங்கன்னு நான் வரிசையா கேக்கறேன், அவன் என்னை விசித்திரமா பாக்கறான். அந்த பையன் "எங்க அக்காவுக்கும் இருந்துச்சு"ன்னுட்டு தூங்கிட்டானாம். அவ்வளவுதான் விஷயம். நான் இத்தனை வருஷம் காத்த ரகசியத்தை இவன் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு மறந்துட்டான். நான் அவன் முகத்துல தினமும் தேடிட்டு இருந்தது என் முகத்தை. அவனுக்கு வருத்தம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அது அவன் அளவுல இருந்துச்சு. என் பயத்தை நான்தான் அவனுக்கும் சேர்த்து பட்டுட்டு இருந்திருக்கேன்.

இப்போ அலாரம் அலமாரில இருக்கு. நடுவுல காய்ச்சல் வந்து ஒரு வாரம் திரும்ப நனைச்சான், திரும்ப எடுத்து மாட்டினோம், முதல் தடவை ஆன நேரத்துல கால்வாசிதான் ஆச்சு. திரும்ப வர்றது சகஜம், அதுக்காக மனசை விட வேண்டாம். ஆனா ஒரு சில விஷயத்துக்கு காத்திருக்காதீங்க. ஆறு மாசத்துக்கு மேல காய்ஞ்சு இருந்த பிள்ளை எந்த காரணமும் தெரியாம திரும்ப நனைக்க ஆரம்பிச்சா காட்டுங்க, வீட்டுலயோ ஸ்கூல்லயோ அவனை ஏதாச்சும் வாட்டுதான்னும் பாருங்க. அதோட தாகம் அதிகமா இருந்து எடையும் குறைஞ்சா அன்னிக்கே சர்க்கரை டெஸ்ட் எடுத்துடுங்க, பரம்பரைன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காதீங்க. பகல்லயும் நனைஞ்சா, எரிச்சல் இருந்தா, முக்கி முக்கி போனா, நடை மாறி இருந்தா, சத்தமா குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. போகும்போது உங்க வீட்டுல யாருக்கு எந்த வயசு வரைக்கும் இருந்துச்சுன்னு கேட்டுட்டு போங்க. கேட்டா சொல்லுவாங்க, எங்க மாமாவே இப்போ ஃபோன் பண்ணி "அவனுக்கு எப்படி இருக்கு"ன்னு விசாரிக்கிறார்.